மாத்திரையில் சத்து, நரம்பில் மருந்து

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று நீளும் தொழிற்பட்டையில் ஒரு குடும்பத்துக்குப் புற்றுநோய் என்ற செய்தி வரும்போது முதலில் நினைவுக்கு வரும் மருத்துவமனைகள் இரண்டு. கிழக்கே போனால், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. மேற்கே போனால், காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அறிஞர் அண்ணாவின் நினைவாக நடக்கும் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை. எங்கே போனாலும், கீமோ தொடங்கியபின் வாழ்க்கை இரண்டு வாரம், மூன்று வாரம் என்ற சுற்றுகளாக மாறிவிடுகிறது. மருந்து ஏறும் நாளைவிட அடுத்த சுற்றுக்கு முந்தைய இடைவெளிதான் வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய சோதனை. வாய்ப்புண், குமட்டல், படியேற முடியாத அசதி, ரத்த அணுக்கள் குறைந்துவிட்டதால் தள்ளிப்போகும் தேதி. இந்த இடைவெளியில்தான் யாராவது ஒருவர் சொல்கிறார்: வைட்டமின் சி-யை அதிக அளவில் நரம்பில் ஏற்றினால் உடம்பு கீமோவைத் தாங்கும், கட்டியும் சுருங்கும் என்று. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு சப்பிய புளிப்பு மாத்திரைதானே, அதனால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்ற எண்ணமும் கூடவே சேர்ந்துகொள்கிறது.

அந்த எண்ணத்தில்தான் சிக்கல் இருக்கிறது. மாத்திரையில் இருக்கும் வைட்டமின் சி ஒரு சத்து. ஐம்பது கிராம், எழுபது கிராம் என்று நரம்பில் ஏறும் அதே பொருள் ஒரு மருந்து. அது வேலை செய்யும் விதமும் வேறு, அதன் ஆபத்துகளும் வேறு. மருந்து என்று ஒப்புக்கொண்டால், மருந்திடம் கேட்கும் கேள்விகள் அனைத்தையும் அதனிடமும் கேட்டாக வேண்டும். எந்தப் புற்றுநோய்க்கு, எவ்வளவு, எந்தக் கீமோவுடன், யாருக்குக் கூடாது? இதுவரை கிடைத்திருக்கும் விடைகளை வைத்துப் பார்த்தால், முறையான ஆய்வில் சோதித்துப் பார்க்கும் தகுதி அதற்கு நிச்சயம் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு நோயாளிக்கு ஏற்றும் தகுதி இன்னும் வரவில்லை.

சத்து என்ற நிலையில் அதன் தேவையை யாரும் மறுக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையின்படி ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் போதும். அந்தச் சிறிய அளவும் பலருக்குக் கிடைப்பதில்லை. 60 வயதைக் கடந்தவர்களிடம் வட இந்தியாவிலும் புதுச்சேரியைச் சுற்றிய பகுதியிலும் நடத்தி 2011-ல் வெளியான ஆய்வில், வடக்கே ஏறக்குறைய 74 சதவீதத்தினருக்கும் தெற்கே 46 சதவீதத்தினருக்கும் ரத்தத்தில் வைட்டமின் சி குறைவாக இருந்தது. சாப்பிட முடியாமல் படுத்திருக்கும் புற்றுநோயாளிக்கு இந்தக் குறை இன்னும் கூடும். புண் ஆறுவதற்குக் கொலாஜன் வேண்டும். அந்தப் புரதத்தின் மூன்று இழை முறுக்கு வடிவத்தை 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டு சொன்னார்கள். அந்த முறுக்கு கலையாமல் நிற்க வைட்டமின் சி தேவை. குறை இருந்தால் அதை நிரப்ப வேண்டும். கொய்யாவோ நெல்லிக்காயோ, மருத்துவர் எழுதித்தரும் ஒரு மாத்திரையோ அதற்குப் போதும். இதில் விவாதத்துக்கே இடமில்லை. விவாதம் தொடங்குவது இந்த அளவைப் போல ஆயிரம் மடங்கு ஏற்றும் இடத்தில்.

அந்த வரலாறு ஸ்காட்லாந்தில் ஆரம்பிக்கிறது. வேல் ஆஃப் லெவன் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் யூவன் கேமரனும், இரண்டு நோபல் பரிசுகள் பெற்ற லைனஸ் பாலிங்கும் 1976-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிடப்பட்ட 100 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் வைட்டமின் சி கொடுத்ததில், அதே மருத்துவமனையின் பழைய கோப்புகளிலிருந்து எடுத்த 1,000 நோயாளிகளைவிட அவர்கள் நான்கு மடங்குக்கும் மேலாக வாழ்ந்தார்கள் என்றது அக்கட்டுரை. பழைய கோப்புகளோடு ஒப்பிடுவது இதன் பெரிய ஓட்டை. ஒரு நோயாளியை ‘இனி முடியாது’ என்று எந்தக் கட்டத்தில் எழுதினார்கள் என்பது மருத்துவருக்கு மருத்துவர் மாறும். ஒருவரைச் சற்று முன்கூட்டியே அப்படிக் குறித்துவிட்டால், எந்த மருந்தும் கொடுக்காமலே அவர் அதிக நாள் வாழ்ந்ததாகக் கணக்கில் வரும். ஆகவே அமெரிக்காவின் மேயோ கிளினிக், சீட்டுக் குலுக்குவதுபோல நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வைட்டமினும் மறு பிரிவுக்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தது. முடிவுகள் 1979-லும் 1985-லும் வந்தன. இரண்டு முறையும் வித்தியாசம் இல்லை. கதை முடிந்தது என்று புற்றுநோய் மருத்துவர்கள் கோப்பை மூடினார்கள்.

மூடியது சற்று அவசரம். கேமரன் முதல் சில நாட்கள் நரம்பில் ஏற்றி, பிறகு வாய்வழி கொடுத்தார். மேயோ வாய்வழி மட்டுமே கொடுத்தது. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்க் லெவினும் செபாஸ்டியன் படையாட்டியும் சக ஆய்வாளர்களும் 2004-ல் வெளியிட்ட கணக்கில்தான் தெளிவாயிற்று. குடலில் வைட்டமின் சி-யை உள்ளே எடுத்துச் செல்லும் கடத்திப் புரதங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஸ்ரீபெரும்புதூர் சுங்கச்சாவடிக்குப் பின்னால் ஆயிரம் லாரிகள் வரிசை கட்டினாலும் ஒரு நிமிடத்தில் கடப்பவை சில வண்டிகளே. குடலிலும் அதுதான் நடக்கிறது. தாங்கக்கூடிய அதிகபட்ச அளவில் மாத்திரை விழுங்கினாலும் ரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 220 மைக்ரோமோலுக்கு மேல் ஏறாது. மிச்சம் வயிற்றுப்போக்காகவும் சிறுநீராகவும் வெளியேறிவிடும். நரம்பில் 50 கிராம் ஏற்றினாலோ, ரத்தத்தில் அதன் அளவு 13,000-ஐத் தாண்டும். ஏறக்குறைய அறுபது மடங்கு. மேயோ ஆய்வு தவறு செய்யவில்லை. மாத்திரையாக விழுங்கும் வைட்டமின் சி புற்றுநோயைத் தடுத்து நிறுத்தாது என்பதை அது சரியாகவே நிறுவியது. நரம்புவழி பற்றி அது எதையும் சோதிக்கவில்லை. இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகிறது: நரம்புவழி ஆய்வுகளின் பெயரைச் சொல்லி மாத்திரையையோ பொடியையோ விற்பவர் எந்த ஆதாரமும் இல்லாமல் விற்கிறார்.

அந்த உயரத்தில் வைட்டமின் சி என்ன செய்கிறது என்பதுதான் இந்த விஷயத்தின் மிகச் சுவையான பகுதி. ஆக்சிஜன் சேதத்தைத் தடுக்கும் பொருள் என்று நாம் படித்த வைட்டமின் சி, செறிவு கூடியதும் தன் குணத்தைத் திருப்பிக்கொள்கிறது. செல்களைச் சூழ்ந்த திரவத்தில் இருக்கும் இரும்பு அயனிகளுக்கு எலெக்ட்ரானைக் கொடுக்கிறது. இரும்பு அதை ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகிறது. முடிவில் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது. நம் செல்களில் இதை உடைத்துத் தண்ணீராக்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகள் போதிய அளவில் இருக்கின்றன. பல புற்றுநோய்ச் செல்களில் அவை குறைவு. கட்டுப்படாமல் திரியும் இரும்போ அதிகம். லெவின் குழுவினர் 2005-ல் ஒன்பது வகைப் புற்றுநோய்ச் செல்களை இப்படிச் சோதித்தார்கள். ஐந்து வகைகளில் 5,000 மைக்ரோமோலுக்கும் குறைவான செறிவிலேயே பாதிச் செல்கள் அழிந்தன. இயல்பான செல்கள் 20,000 வரை தாங்கின. மீதி நான்கு வகைகள் அவ்வளவு எளிதில் அசையவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பிறகு 2015-ல் ஜிஹே யுன், லூயிஸ் கேன்ட்லி ஆகியோரின் குழு வேறொரு வாசலைக் காட்டியது. கே-ராஸ் அல்லது பி-ராஃப் மரபணு பிறழ்ந்த பெருங்குடல் புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி இழுப்பவை. ஆக்சிஜனேற்றம் அடைந்த வைட்டமின் சி, குளுக்கோஸ் நுழையும் அதே வழியில் நுழைந்து, அந்தச் செல்லின் ஆற்றல் உற்பத்தியையே முடக்குகிறது. இதுவே பின்னால் வந்த ஆய்வுகளுக்குத் திசைகாட்டியது.

கண்ணாடித் தட்டில் செல்லைக் கொல்லும் பொருட்கள் ஆயிரம் உண்டு. மனிதரிடம் என்ன நடந்தது என்பதே கேள்வி. இதுவரை நடந்தவற்றில் பெரிய ஆய்வு சீனாவில் பரவிய பெருங்குடல் புற்றுநோய் உள்ள 442 பேரிடம் நடந்து 2022-ல் வெளியானது. எல்லோருக்கும் வழக்கமான ஃபால்ஃபாக்ஸ் கீமோ. பாதிப் பேருக்கு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று நாட்கள், உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் வைட்டமின் சி. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது நாளொன்றுக்கு 90 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரைகள் 180-க்குச் சமம். நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் வைட்டமின் பெற்றவர்களுக்கு 8.6 மாதம், பெறாதவர்களுக்கு 8.3 மாதம். இது வித்தியாசமே இல்லை. ராஸ் மரபணு பிறழ்ந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது 9.2 மாதம், 7.8 மாதம் என்று வந்தது. மொத்தக் கணக்கில் தோற்ற ஆய்வைக் கூறுகூறாகப் பிரித்து, ஏதோ ஒரு கூற்றில் வெற்றி தேடுவது பழைய தந்திரம் என்று ஒருவர் மறுக்கலாம். பொதுவாக நானும் அப்படியே சொல்வேன். ஆனால் இந்தக் கூறு திடீரென்று கிளம்பியதல்ல; ஏழாண்டுகளுக்கு முன்பே ஆய்வகம் சுட்டிய அதே மரபணு. எனவே இதை நிரூபணம் என்று கொள்ளாமல், அடுத்த ஆய்வை யாரிடம் நடத்த வேண்டும் என்ற குறிப்பாகக் கொள்வதே நியாயம்.

கணையப் புற்றுநோயில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இதே கே-ராஸ் பிறழ்ந்திருக்கும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் பரவிய கணையப் புற்றுநோய் உள்ள 34 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கீமோவும் மறு பிரிவுக்கு அதோடு வாரம் மூன்று முறை 75 கிராம் வைட்டமின் சி-யும் கொடுத்தது. 2024-ல் வெளியான முடிவில் இடைநிலை ஆயுள் 8.3 மாதத்திலிருந்து 16 மாதமாக உயர்ந்திருந்தது. இதே கீமோவை முதன்முதலில் பெரிய அளவில் சோதித்த 2013-ஆம் ஆண்டு ஆய்விலும் 8.5 மாதம்தான் வந்தது என்பதால், ஒப்பீட்டுப் பிரிவு வழக்கத்தைவிட மோசமாக இருந்தது என்று தள்ளிவிட முடியாது. இவ்வளவு கொடிய நோயில் ஆயுள் இரட்டிப்பாவது சாதாரணச் செய்தியல்ல; படிக்கும் எவருக்கும் நெஞ்சு படபடக்கும். ஆனால் 34 பேர் என்பது மிகச் சிறிய கூட்டம். நான்கைந்து பேர் எதிர்பாராமல் நெடுநாள் வாழ்ந்தாலோ சீக்கிரம் இறந்தாலோ கணக்கு முழுதும் சாயும். புராஸ்டேட் புற்றுநோயில் டோசிடாக்செலுடன் சேர்த்துச் செய்த ஆய்வு, பலன் தெரியவில்லை என்று இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆக, எல்லாப் புற்றுநோய்க்கும் நல்லது என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

சிறிய ஆய்வின் மகிழ்ச்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதே வைட்டமின் சி வேறொரு நோயில் பாடம் நடத்தியிருக்கிறது. ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிகளுக்கு மற்ற இரு மருந்துகளோடு இதை ஏற்றியதில் இறப்பு 40 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தது என்று 2017-ல் ஓர் அமெரிக்க மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. இரு பிரிவிலும் தலா 47 பேர். உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அதைக் கையில் எடுத்தன. 2022-ல் 872 பேரிடம் சீட்டுக் குலுக்கி வைட்டமின் சி-யைத் தனியாகச் சோதித்தபோது முடிவு தலைகீழானது: இறந்தவர்கள் அல்லது உறுப்புச் செயலிழப்போடு நீடித்தவர்கள் வைட்டமின் பெற்ற பிரிவில் 44.5 சதவீதம், பெறாத பிரிவில் 38.5 சதவீதம். பயனில்லாமல் போகும் என்று பயந்தவர்கள் உண்டு. கெடுதலே செய்யும் என்று நினைத்தவர்கள் மிகக் குறைவு.

‘இழப்பதற்கு என்ன இருக்கிறது’ என்ற வாதத்தை இங்கே நேராகச் சந்திக்க வேண்டும். இழப்பதற்கு நிறையவே இருக்கிறது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இந்த அளவு வைட்டமின் சி ஏறினால் சிவப்பணுக்கள் கொத்துக்கொத்தாக உடையும். இந்தக் குறை ஆண்களிடம் அதிகம். நாட்டின் சில பழங்குடிச் சமூகங்களில் இன்னும் அதிகம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ஒரகடத்தில் வேலை பார்க்கும் இளைஞர்கள் நிறைந்த பகுதியில், அந்த ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஒரு பாட்டிலைத் தொங்கவிடுவது பொறுப்பற்ற செயல். அடுத்தது சிறுநீரகம். வைட்டமின் சி உடலில் சிதைந்து ஆக்சலேட் ஆகிறது. அது படிகமாகிச் சிறுநீரகக் குழாய்களை அடைக்கலாம். வாய்ப் புற்றுநோய்க்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் நம்மிடம் வழக்கமாகக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் ஏற்கெனவே சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் மருந்து. இன்னொன்றை நோயாளிகள் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள்: நரம்பில் ஏற்றுவது பெரும்பாலும் சோடியம் உப்பாக மாற்றிய வடிவம். 75 கிராமோடு ஏறக்குறைய 10 கிராம் சோடியம் உள்ளே போகிறது. நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள் அளவு இரண்டு மணி நேரத்தில் ஏறினால், பலவீனமான இதயம் திணறும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு வேறொரு கண்ணி காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. கீமோ எடுப்பவர்களிலும் அவர்கள் கணிசம். விரல் நுனியில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்துப் பார்க்கும் வீட்டுக் கருவி, ரத்தத்தில் மிதக்கும் வைட்டமின் சி-யையும் குளுக்கோஸ் என்றே எண்ணிவிடும். ட்ரிப் ஏறிய சில மணி நேரம் கருவியில் 300, 400 என்று காட்டலாம். உண்மையில் சர்க்கரை சாதாரணமாகவே இருக்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பதறி வீட்டில் யாராவது இன்சுலின் போட்டால், சர்க்கரை சடாரென இறங்கி நோயாளி நினைவிழப்பார். ஆய்வகத்தில் ரத்தக் குழாயிலிருந்து எடுத்துச் செய்யும் பரிசோதனையைத்தான் அந்த நேரத்தில் நம்ப வேண்டும். இதைச் சொல்லித்தராத இடத்தில் அந்த ட்ரிப்பை ஏற்றிக்கொள்ளக் கூடாது.

கீமோவையே அது கெடுத்துவிடுமா என்பது புற்றுநோய் மருத்துவர்களின் பெரிய அச்சம். 1968-ல் அண்ணா அறுவை சிகிச்சைக்காகச் சென்ற அதே நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் சி நிரப்பிய ரத்தப் புற்றுநோய்ச் செல்களில் டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகளின் வீரியம் 30 முதல் 70 சதவீதம் வரை குறைந்தது. அவர்கள் பயன்படுத்தியது ஆக்சிஜனேற்றம் அடைந்த வடிவம், அதுவும் செல்லுக்குள்; நரம்பில் ஏற்றும் உயர் செறிவில் வேதியியலே வேறு என்று மறுதரப்பு சொல்வதில் பொருள் உண்டு. சீன ஆய்விலும் அயோவா ஆய்விலும் கீமோ பலனிழந்ததாகத் தெரியவில்லை என்பதும் அவர்களுக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் இந்த ஆறுதல் அந்தந்தக் கீமோ மருந்துக்கு மட்டுமே உரியது. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் போர்ட்டிசோமிப் மருந்தை வைட்டமின் சி நேரடியாகப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. எலிகளில் மாத்திரை அளவு கொடுத்தபோதே மருந்து வேலை செய்யாமல் போனது. ஒரு கீமோவில் கிடைத்த தைரியத்தை இன்னொன்றுக்குக் கடன் வாங்க முடியாது.

பக்கவிளைவைக் குறைக்கும் என்ற வாக்குறுதிக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது கான்சஸ் பல்கலைக்கழகம் 2014-ல் வெளியிட்ட சூலகப் புற்றுநோய் ஆய்வு; அதில் சுமார் 25 பெண்கள். வைட்டமின் பெற்றவர்களுக்கு உபாதைகள் குறைந்தன. யாருக்கு எது ஏறுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. அசதியும் குமட்டலும் நம்பிக்கையாலும் குறையக்கூடியவை என்பதால், போலி பாட்டில் இல்லாத ஆய்வின் சொல்லை இந்த விஷயத்தில் பாதிதான் எடுத்துக்கொள்ள முடியும்.

இனி நேரமும் பணமும். அயோவா முறைப்படி வாரம் மூன்று நாள் என்றால், ஒரகடத்தில் ஷிஃப்டில் இருக்கும் மகன் அம்மாவை அழைத்துக்கொண்டு வாரம் மூன்று நாள் வேலையை விட வேண்டும். இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளிக்கே புற்றுநோய் வந்தால், தகுதி நாட்கள் பூர்த்தியாகியிருந்தால், ஊதியத்தில் 80 சதவீதத்தை இரண்டாண்டு வரை பெற முடியும். பெற்றோரைக் கவனிக்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் கீமோவுக்கு இடமுண்டு. வெளியே ஏற்றும் ட்ரிப்புக்குக் கைப்பணம்தான். வாரம் ஒரு முறை ஐந்து கிராம் ஏற்றிக்கொண்டால் என்ன என்று கேட்டால், அது சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். ஆய்வுகளில் பேசப்படும் செறிவை எட்டவே எட்டாது. இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. வழக்கமான சிகிச்சையோடு மாற்று முறைகளையும் சேர்த்துக்கொண்ட அமெரிக்க நோயாளிகளைப் பற்றி 2018-ல் வந்த ஆய்வில், அவர்களில் 34 சதவீதம் பேர் பரிந்துரைத்த கீமோவை மறுத்திருந்தார்கள். மற்றவர்களில் 3 சதவீதம் பேரே மறுத்தார்கள். மாற்று முறைகளைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. முக்கியக் காரணம் அந்த மறுப்புதான். துணை என்று வீட்டுக்குள் வந்தது, முதன்மைச் சிகிச்சையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

காப்புரிமை இல்லாத மலிவான மருந்தைச் சோதிக்க எந்த நிறுவனமும் பணம் போடாது. அதனால்தான் நிரூபணம் இல்லை, அதுவரை நோயாளி காத்திருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதிக்கு மும்பை பதில் சொல்லிவிட்டது. மார்பகக் கட்டியை வெட்டி எடுப்பதற்குச் சற்று முன் அதைச் சுற்றி லிடோகெய்ன் என்ற பழைய மரத்துப்போகும் ஊசியைப் போட்டால் நோய் திரும்புவது குறையுமா என்று டாடா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வேயும் சகாக்களும் நாட்டின் 11 மையங்களில் சுமார் 1,600 பெண்களிடம் சோதித்தார்கள். முடிவு 2023-ல் வெளியானது. ஐந்தாண்டு கழித்து நோயின்றி இருந்தவர்கள் ஊசி போட்ட பிரிவில் 86.6 சதவீதம், போடாத பிரிவில் 82.6 சதவீதம். விலை மிகச் சொற்பமான மருந்து, லாபம் பார்க்க யாரும் இல்லை, இருந்தும் நம் நாட்டிலேயே முறையாக நடந்தது. வைட்டமின் சி-க்கும் அதே பாதை திறந்தே இருக்கிறது.

காரப்பேட்டையும் அடையாறும் சேர்ந்து இதை எடுத்தால், ராஸ் மரபணு பிறழ்ந்த பெருங்குடல், கணையப் புற்றுநோயாளிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். ஜி6பிடியும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்த பிறகே சீட்டு எடுக்க வேண்டும். வைட்டமின் சி கரைசல் வெளிர் மஞ்சளாக இருக்கும் என்பதால் இரு பிரிவுக்கும் பாட்டிலையும் குழாயையும் ஒரே நிற உறையால் மூட வேண்டும். நோயாளிக்குப் பயணப்படியும் துணைக்கு வருபவருக்கு அன்றைய கூலியும் ஆய்வுச் செலவிலேயே சேர வேண்டும். பலன் உண்டென்று தெரிந்தால் காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க அரசிடம் எண்களோடு போகலாம். இல்லையென்று தெரிந்தால், அடுத்த கீமோ தேதிக்கான வண்டி வாடகையை அந்தக் குடும்பம் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.